காலி மதகில் கிடந்த கல்லும், நாட்டுப்புறக் கற்பாலங்களும்

கடலோரம் (வெள்ளவத்தை)

கொழும்பு நூதனசாலையில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியிலும் வெட்டின கல்லொன்று இருக்கு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு எழுதுவித்துக் கொண்டுவந்த கல். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். 1911இல் அதைக் கண்டெடுத்த இடந்தான் பலருக்குத் தெரியாது. காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் குப்புறக் கிடந்ததாம். ஐந்நூறு வருடத்தில் ஒரு பேரரசின் சாசனத்துக்கு மேலால வண்டில் போய் வந்திருக்கு.

எழுத்தைப் பற்றிக் கதைக்க நிறையப் பேர் இருக்கினம். எனக்கு அந்த மதகில்தான் ஆசை. இந்தத் தீவில் கல்லால் கட்டின நாட்டுப்புறப் பாலங்கள் என்னென்ன மிஞ்சியிருக்கு? எப்படிக் கட்டினாங்கள், ஏன் நிக்குது, ஏன் விழுது, எல்லாம் வரட்டும். ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதேங்கோ.

பழைய_தண்டவாளம்

அதைப் போடவே தேவையில்லை. தெமோதரையில் நிக்கிற அந்த ஒன்பது வளைவுப் பாலம் கற்பாலமே இல்லை. எல்ல என்ற ஊருக்கும் தெமோதரைக்கும் நடுவில், 1921இல் முடித்தது, 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் அதன் கட்டுமானத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘கொங்கிறீட் ரயில் பாலம்’ என்றுதான் இருக்கு.

பம்பலப்பிட்டிப்_பொடியன்

என்ன அண்ணை சொல்லுறீங்கள்? அங்க நிக்கிற வழிகாட்டி ஒவ்வொருத்தனும் கல்லு, செங்கல்லு, சீமெந்து, ஒரு இரும்புத் துண்டும் இல்லை என்று சத்தியம் பண்ணுறான். முதலாம் உலகப் போருக்கு உருக்கெல்லாம் போனபடியால் ஊராக்கள் கல்லாலேயே கட்டிக் குடுத்தது என்று ஒரு கதையும் இருக்கு.

பழைய_தண்டவாளம்

தம்பி, உருக்கு இல்லை என்பதை நான் மறுக்கேல்லை. போருக்கு உருக்குப் போன கதையைச் சொல்லுறவை சொல்லட்டும். எனக்கு அதைவிடப் பெரிய விசயம், வளைவுக்கு உருக்கு வேண்டியதே இல்லை என்பது. கல்லில் கட்டினாலும் கம்பி போடாத கொங்கிறீட்டில் கட்டினாலும் வளைவு செய்யிற வேலை ஒன்றுதான். போர் வராமல் இருந்திருந்தாலும் அந்த வடிவத்தில் அப்படியே கட்டியிருக்கலாம்.

(தெமோதரைக்குப் போறவை பாலத்தில் தற்படம் எடுத்துவிட்டு ஓடிவராமல், ஸ்டேசனுக்கு அடியால தண்டவாளம் சுழன்று வந்து தன்னையே கீழால கடக்கிற இடத்தையும் பாருங்கோ. அதுக்குச் சனமே இல்லை.)

அருவியாற்றங்கரை

கடலோரம் அண்ணை கேட்டதுக்கு வாறன். உண்மையான கற்பாலம் பார்க்க வேண்டுமென்றால் மலைக்கு ஏறாதேங்கோ, அனுராதபுரத்துக்குப் போங்கோ. மல்வத்து ஓயாவில் பழைய கற்பாலத்தின் எச்சம் இருக்கு. மிகிந்தலைப் பக்கம், மகாகனதராவக் குளத்துக்குக் கிட்ட, கனதரா ஓயாவில் இன்னொன்று. இரண்டிலும் வளைவு கிடையாது. ஆற்றுப் படுக்கையில் கல்தூண்களை வரிசை வரிசையாக நட்டு, தூணுக்கு மேல் குறுக்குக் கல் வைத்து, அதுக்கு மேல் பலகைக் கல் பரப்பியிருக்கிறாங்கள். கனதரா ஓயாப் பாலம் அனுராதபுரத்திலிருந்து கிழக்குத் துறைமுகமான கோகர்ணத்துக்கு, அதாவது எங்கட திருகோணமலைக்குப் போன பாதையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகினம்.

மல்வத்து ஓயா வேறொன்றுமில்லை, எங்கட அருவியாறுதான். அனுராதபுரத்தில் அந்தத் தூண்களைத் தொட்டுக்கொண்டு போற தண்ணிதான் மன்னாரில் அரிப்புப் பக்கம் கடலில் விழுது. மாந்தைத் துறையிலிருந்து தலைநகருக்குச் சரக்குப் போனதும் இந்த ஆற்றை ஒட்டின நிலத்தால்தான்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏறிப் போறவை ருவன்வெலிசாயவும் மகாபோதியும் பார்த்துவிட்டு வந்துவிடுவினம். பாலத்துக்கு யாரும் போறதில்லை. போனாலும் ஆற்றுக்குள் நிக்கிற கொஞ்சக் கல்லைப் பார்த்து ‘இதுவோ?’ என்று கேட்பினம்.

கொங்கிறீட்_மாமா (ஓய்வுபெற்ற பொறியியலாளர், தெகிவளை)

‘இதுவோ’ என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று கேட்டால் பாலத்தின் முழுக் கணக்கும் வெளியே வந்துவிடும்.

கல்லை நசுக்குவது கடினம், இழுத்துப் பிய்ப்பது சுலபம். நசுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, சில கற்களில் அதற்கும் குறைவாகத்தான், இழுவையைத் தாங்க அதற்கு உண்டு. இரண்டு தூணுக்கு மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. மேல்முகம் நசுங்கப் பார்க்கும், கீழ்முகம் இழுபடும். உடைந்தால் கீழ்முகத்தின் நடுவில்தான் முதலில் கீறும்.

அடுத்தது இடைவெளி. அதே தடிப்புள்ள கல்லை வைத்துக்கொண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால், கல்லின் சொந்தப் பாரத்தால் மட்டும் கீழ்முகத்தில் வரும் இழுவை நாலு மடங்காகும். தடிப்பைக் கூட்டினால் கல்லைத் தூக்கி வைக்க முடியாது. ஆகவே அந்தக் காலத்துக் கல்தச்சருக்கு ஒரே வழி, தூணை நெருக்கி நடுவது. இதை எழுதி வைக்கவில்லை என்பதற்காக அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எத்தனையோ கல் உடைந்துதான் அந்த அளவு கையில் படிந்திருக்கும்.

இன்னொன்று. நம் நாட்டில் ‘கருங்கல்’ என்று சொல்வதில் பெரும்பகுதி வரியோடிய உருமாறிய பாறை. வரியைப் பார்த்து ஆப்பு இறக்கினால் பலகையாகப் பிளந்து வரும். அனுராதபுரம் சுற்றியுள்ள பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே வரிதான் பலகைக்குப் பலவீனமும். வரி குறுக்கே ஓடும் கல்லைப் பாலத்துக்கு வைத்தால் அது ஒருநாள் கைவிடும். கல் வெட்டும் இடத்திலேயே கல்லைத் தெரிந்தெடுப்பவன்தான் அந்த வேலையின் உண்மையான எஞ்சினியர்.

பம்பலப்பிட்டிப்_பொடியன்

அப்ப மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில கிடக்கிறதுக்கு எத்தனை தூண் அண்ணை? 😄

மட்டுறுத்துநர்

இராமர் பாலத்துக்கு ஏற்கெனவே ஒரு இழை ஓடுது. அங்கே சண்டை போதாவிட்டால் மட்டும் இங்கே வாருங்கள்.

கொட்டாஞ்சேனை_கடைக்காரர்

எங்க தாத்தா வழி திருநெல்வேலி. அதனால நம்ம பங்குக்கு ஒண்ணு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல தாமிரபரணி மேல சுலோசன முதலியார் பாலம், 1843. பதினொரு வளைவு. அந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினதுனால அவர் பேரு. வீட்டு நகையையும் குடுத்தாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. அந்த நகை விசயம் எவ்வளவு நிசமோ, பாலம் இன்னைக்கும் வண்டி தாங்குது.

அதே காலத்துல நம்ம கொழும்பு எப்படி இருந்துச்சுன்னா, களனி ஆத்துக்கு மேல கல்லும் இல்ல, இரும்பும் இல்ல. 1822ல இருந்து படகுகளை வரிசையா கட்டி மேல பலகை போட்ட பாலம்தான். 1895ல விக்டோரியா பாலம் வர்ற வரைக்கும் அதுலதான் கண்டி ரோட்டுச் சாமான் எல்லாம் வந்துச்சு. கொட்டாஞ்சேனைக்காரனுக்கு இது பக்கத்து ஊரு சங்கதி, அதான் சொன்னேன்.

துறைமுகத்தான் (மருதானை)

கடலோரம் சொன்ன மும்மொழிக் கல்லிலிருந்து சீனாவுக்கு ஒரு நூல் இழுக்கலாம். பலகைக் கற்பாலத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் சீனாவின் தென்கிழக்குக் கரையில், சுவான்சௌ துறைமுகத்துக்காரர்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பங்களும் கிடைத்த அதே ஊர். நம்மவர்கள் வியாபாரத்துக்குப் போய்த் தங்கிய இடம்.

அங்கே 1053இலிருந்து 1059 வரை கட்டிய லுவோயாங் பாலம் இருக்கிறது. கடலும் ஆறும் சேரும் இடம், ஏற்ற இறக்கத்தில் அடிமண் நிற்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றின் குறுக்கே கற்களைக் கொட்டி ஒரு அகலமான அடித்தளம் போட்டு, அதன் மேல் சிப்பி வளர்த்தார்கள். சிப்பி ஓடுகள் பெருகிக் கற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தன. தூண்களையும் சும்மா சதுரமாகக் கட்டவில்லை. படகின் மூக்குப்போல முனை வைத்து, வரும் நீரை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். அடுத்த நூற்றாண்டில், 1138இலிருந்து 1151க்குள், அன்பிங் பாலம். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். முழுவதும் கற்பலகை. 2021இல் யுனெஸ்கோ சுவான்சௌவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்த இரண்டு பாலமும் அதற்குள் வந்தன.

பதினோராம் நூற்றாண்டில் உயிருள்ள சிப்பியைச் சீமெந்தாக வேலை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒன்பது வளைவைவிட இதுதான் பெரிய அதிசயம்.

அருவியாற்றங்கரை

சிப்பி விசயம் பிரமாதம். முத்துக்குளித்த அரிப்புக் கரையில் இருந்துகொண்டு எங்களுக்கு இந்த யோசனை வரேல்லையே!

மாத்தளைக்காரி (இப்போ வத்தளை)

எல்லாரும் அரசர் கட்டினது, முதலியார் கட்டினதுன்னு பேசுறீங்க. எங்க ஊர்ப் பக்கம் தோட்ட ரோட்டுல ஓடைக்கு மேல ஒத்தை வளைவுக் கற்பாலம் ஒண்ணு இருக்குங்க. பேரு கிடையாது, கல்வெட்டு கிடையாது. அது மாதிரி மலைநாட்டுல எத்தனையோ இருக்கு. யாரு கட்டினாங்கன்னு கேட்டா ‘வெள்ளைக்காரன் காலம்’னு ஒரே பதில்.

வெள்ளைக்காரன் படம் வரைஞ்சிருப்பான். கல்லு உடைச்சது யாரு? 1820கள்ல பாண்ஸ் ஆளுநர் கண்டி ரோடு போட்ட காலத்துலருந்து ரோடும் பாலமும் போடுறதுக்குன்னே முன்னோடிப் படைன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு இந்தியாவுலருந்து தமிழாளுகளைக் கூட்டிட்டு வந்தாங்க. கோப்பிக் காலத்துல வந்தவங்க மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தாங்க. வழியில செத்தவங்க கணக்கு யாருகிட்டயும் முழுசா இல்ல. அருவியாற்றங்கரை அண்ணே, நீங்க சொன்ன சரக்குப் பாதை இருந்த அதே வறண்ட நாட்டுக் காட்டுக்குள்ளதான் எங்க ஆளுங்களும் நடந்திருக்காங்க.

இப்போ என் கேள்வி வேற. அந்தப் பாலத்துல கல் இடுக்குல இருந்த சாந்து கொட்டிப்போயிருக்கு. ஒரு பக்கம் அரசங்கன்னு மொளைச்சிருக்கு. மேல தண்ணி தேங்குது. அதுக்கு நல்லா சீமெந்து பூசி, கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சுத் தர்றோம்னு ஒரு கொந்தராத்துக்காரர் சொல்லியிருக்காராம். ஊர்ல எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத்தான் மனசு ஒப்பல. நான் தப்பா?

கொங்கிறீட்_மாமா

தப்பே இல்லை மகள். என் பெயரில் கொங்கிறீட் இருக்கிறது, நானே சொல்கிறேன்: அந்தப் பாலத்தில் சீமெந்து பூச விடாதேங்கோ.

வளைவுப் பாலம் என்பது வெளியே தெரியும் கல் வளையம் மட்டும் இல்லை. இரண்டு பக்கச் சுவர், நடுவில் மண்ணும் சல்லியும் போட்ட நிரப்பு, அதற்கு மேல் பாதை. சில்லின் பாரம் அந்த நிரப்புக்குள் பரவித்தான் வளையத்துக்கு இறங்கும். வளையக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பாரத்தை இரண்டு கரைக்கும் தள்ளும். எந்தக் கல்லும் இழுபடாது. பதினேழாம் நூற்றாண்டில் றொபேட் ஹூக் சொன்ன சூத்திரம் இதுதான்: ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டால் எந்த வடிவில் தொங்குமோ, அதைத் தலைகீழாக நிறுத்தினால் வளைவு நிற்கும். மரச்சாரத்தின் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கும்வரை அது பாலமே இல்லை. இறக்கிச் சாரத்தைக் கழற்றினதும் கற்கள் தாமே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது நீர். மழை பெய்தால் நிரப்புக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியே வர வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மை, ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். கொஞ்சம் அசைந்தாலும் அதனோடு சேர்ந்து அசையும். அது கொட்டிப்போவது அதன் குற்றம் இல்லை. கல்லுக்குப் பதிலாகத் தான் தேய்வதுதான் அதன் வேலை. சில தலைமுறைக்கு ஒருமுறை இடுக்கைச் சுத்தம் செய்து மறுபடி சுண்ணாம்பு அடைத்தால் போதும். சீமெந்தோ அசையாமல் இறுகிப் போகும். ஈரம் உள்ளே அடைபடும், கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். நிரப்புக்குள் தண்ணீர் நின்று பாரம் ஏறினால் பக்கச் சுவர் வயிறு தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பூச்சு அழகாக இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது. எனக்கு அதுதான் பயம்.

பம்பலப்பிட்டிப்_பொடியன்

சுண்ணாம்புக்கு இப்ப எந்த மேசன் இருக்கிறான் மாமா? கடுக்காய், பனங்கட்டி, பதநீர் என்று வீடியோவில்தான் பார்க்கிறம்.

கொங்கிறீட்_மாமா

கடுக்காயும் பனங்கட்டியும் தமிழ்நாட்டுப் பழைய கட்டட வேலையில் உண்மையிலேயே சேர்த்தவைதான். ஆனால் இந்தப் பாலத்துக்கு அவ்வளவு வேண்டாம். நன்றாகப் பல நாள் ஊறிய சுண்ணாம்பும் கூர்மணலும், அவசரப்படாத ஒரு மேசனும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது அரிது.

வீதி_அபிவிருத்தி (புதிய உறுப்பினர்)

எல்லாம் சரி ஐயா. ஆனால் அந்தப் பாலத்தால் அம்புலன்ஸ் போகுமா? கொழுந்து லொறி போகுமா? கொழும்பில் இருந்துகொண்டு மரபு பேசுவது சுகம். அங்கே பிள்ளைப்பேறுக்குப் போகும் பெண்ணுக்கு அகலமான பாதைதான் வேண்டும். நான் தோட்டத்தில் பிறந்தவன், அதனால் சொல்கிறேன்.

மாத்தளைக்காரி

அண்ணே, நானும் லயத்துல பொறந்தவதான். அம்புலன்ஸ் வேணாம்னு யாரும் சொல்லல. பாலத்தை அகலமாக்குறேன்னு சொன்னா நானே கையெழுத்துப் போடுவேன். அவங்க சொல்றது பூச்சும் பெயின்ட்டும். அதால ஒரு அங்குலம் அகலுமா?

கொங்கிறீட்_மாமா

இரண்டு பேர் சொல்வதிலும் முரண் இல்லை. தடித்த நிரப்பு உள்ள கல்வளைவுக்குத் தன் சொந்தப் பாரமே பெரிது. வருகிற வண்டி அதற்குமுன் சின்னது. அதனால் இத்தகைய பாலங்கள் பல, மாட்டு வண்டிக்குக் கட்டியும் லொறி தாங்குகின்றன. சிக்கல் பெரும்பாலும் அகலமும் திருப்பமும். அதற்கு நல்ல வழி, இடமிருந்தால், பத்திருபது அடி தள்ளிப் புதுப் பாலம் போட்டுவிட்டுப் பழையதை நடைபாதையாக விடுவது. பழைய வளைவின் ஒரு பக்கத்தை இடித்துக் கொங்கிறீட் ஒட்டுவதுதான் மோசமான வழி. இரண்டும் இரண்டு விதமாக இறங்கும், நடுவில் பிளக்கும்.

வெள்ளத்தில் போகும் பாலங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மேலே பாரம் ஏறி உடைந்ததில்லை. ஓடும் நீர் தூணைச் சுற்றி அடிமண்ணை அரித்துக் குழி பறிக்கும். பழைய கற்பாலங்களில் தூண் தடிப்பு அதிகம், நீர் போகும் வழி குறுகல், ஆகவே வேகம் கூடி அரிப்பும் கூடும். மழை முடிந்து நீர் வற்றியதும் யாராவது இறங்கி அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நீளத் தடியும் தைரியமும் போதும்.

பழைய_தண்டவாளம்

இங்கிலாந்தில் எக்ஸ்மூர் பக்கம் டார் ஸ்டெப்ஸ் என்று பதினேழு கண் உள்ள பலகைக் கற்பாலம். ஏறத்தாழ அனுராதபுரத்து முறைதான், தூண்தான் அங்கே கல்லடுக்கு. ஒவ்வொரு பலகையும் ஒன்றிரண்டு தொன். வெள்ளத்தில் அடிபட்டுப் போறது அதுக்குப் பழக்கம். அவங்கள் பலகை ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு வைத்திருக்கிறாங்கள். 2012 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதும் தேடிப் பிடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தாங்கள். மேலாற்றில் குறுக்கே கம்பிவடம் கட்டி, மிதந்து வாற மரங்களைப் பிடிக்கிறாங்கள். மரபைக் காப்பாற்றக் கோடிக்கணக்கில் காசு வேண்டியதில்லை, ஒரு டின் பெயின்டால இலக்கம் போட்டால் காணும். கனதரா ஓயாவில் அப்படி யாரும் செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்!

கடலோரம்

சட்டம் என்ன சொல்லுது? மாத்தளைத் தங்கச்சியின் பாலத்துக்குப் பாதுகாப்பு ஏதும் உண்டோ?

துறைமுகத்தான்

1940இன் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ ஒரு கோடாக வைத்தது. கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தியவற்றுக்குத்தான் அந்தச் சட்டத்தின் முழு நிழல். அனுராதபுரத்துப் பாலங்கள் அதற்குள் வரும். தோட்டப் பாலங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வர்த்தமானியில் பெயர் குறித்து அறிவித்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. பெயரே இல்லாத பாலத்தை எப்படி அறிவிப்பது என்பது உங்கள் பிரச்சினை!

எனக்கு இந்தக் கோட்டில் பெரிய மனக்குறை. அரசர் காலத்துக் கல்லுக்கு ஒரு சட்டம், கூலிக்காரர் உடைத்த கல்லுக்கு ஒரு கொந்தராத்துக்காரர் என்று ஆகிவிட்டது.

மாத்தளைக்காரி

சரியாச் சொன்னீங்க. அப்போ நான் இப்ப என்னதான் செய்ய? தீவாளிக்கு ஊருக்குப் போறேன்.

கொங்கிறீட்_மாமா

போனால் முதலில் அரசங்கன்றைப் பிடுங்காதேங்கோ. பிடுங்கினால் வேர் கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வெட்டின இடம் திரும்பத் துளிர்க்காமல் பார்க்கச் சொல்லுங்கோ. மேலே தண்ணீர் தேங்குவதற்குப் பாதையைக் கொஞ்சம் சரிவாக்கி, பக்கத்தில் அடைபட்டிருக்கும் வடிகாலைத் திறந்துவிட்டாலே பாதி வருத்தம் தீரும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும்.

பிறகு படம் எடுங்கோ. பாலத்தில் நின்று எடுக்கும் படம் வேண்டாம், ஓடைக்குள் இறங்கி வளைவின் அடிவயிற்றை எடுங்கோ. உச்சியில் கீறல் இருந்தால் கரைகள் விலகுகின்றன என்று அர்த்தம், அதை உடனே இங்கே போடுங்கோ. படத்துக்குள் ஒரு அடிமட்டம் தெரியட்டும்.

வீதி_அபிவிருத்தி

அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன் தங்கச்சி. என் ஊர் உக்குவளை, கிட்டத்தான். பிரதேச சபைக்கு ஒரு கடிதமும் எழுதுவோம், பூச்சுக்குப் பதிலாக அதே காசில் பக்கத்தில் மாற்றுப் பாதை கேட்டு. மேசனையும் நான் விசாரிக்கிறேன்.

மாத்தளைக்காரி

வாங்கண்ணே. தனிச்செய்தில நம்பர் அனுப்புறேன். ஓடைக்குள்ள அட்டை இருக்கு, உப்பு கொண்டாங்க.